மாட்டு லொறியில் வந்த டாக்டர்

மலையில் பனி இறங்கிக் கிடக்கும் காலை வேளையில், விறைத்துப்போன இரண்டு கைகளையும் ஒரு மாட்டின் கழுத்துத் தொங்கலுக்கு அடியில் செருகி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு எப்படிப்பட்டது என்று தெரியும். அடுப்புச் சூடு மாதிரி அது சுடாது, கம்பளிச் சூடு மாதிரி நேரமும் எடுக்காது. கையை வைத்ததும் மாடு அசைபோடுவதை நிறுத்தி, யார் என்று திரும்பிப் பார்த்து, நம்மைத் தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடியும் அசைபோடத் தொடங்கும், அந்த மூச்சில் மானாப்புல்லின் வாசமும் புண்ணாக்கின் வாசமும் கலந்து முகத்தில் வந்து மோதும். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எனக்கு, சிறுவயது என்று யாராவது பேச்செடுத்தால் பள்ளிக்கூடமோ திருவிழாவோ ஞாபகம் வருவதில்லை, அந்தச் சூடுதான் முதலில் கைக்கு வருகிறது.

எனக்கு அந்தச் சூட்டைத் தந்த மாட்டுக்கு எங்கள் லயத்தில் 'தொரசாணி' என்று பெயர். தோட்ட நிர்வாகியான துரையின் மனைவியைத்தான் தோட்டத்து மக்கள் அப்படிச் சொல்வார்கள். தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் மாற்றலாகிப் போனபோது பங்களாவில் நின்ற கறுப்பு வெள்ளைக் கறவை மாட்டை அப்பா கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். வந்த முதல் நாளே அது எங்கள் வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, அதில் ஒரு தேயிலை மிதந்ததற்காகக் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காளியம்மா அத்தை, "தொரசாணி வீட்டுல பீங்கான் கோப்பையில குடிச்சவங்க, நம்ம வாளியில குடிப்பாங்களா" என்றாள். அன்றிலிருந்து பெயரும் நிலைத்தது, மரியாதையும் நிலைத்தது. லயத்தில் சின்னப் பிள்ளைகூட அதை 'அது' என்று சொல்லாது. "தொரசாணி சாப்புட்டாங்களா?" என்று வேலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள், "இன்னும் இல்லீங்க, புல்லு முத்தலுன்னு கோவமா இருக்காங்க" என்று அம்மா உள்ளேயிருந்து பதில் சொல்லுவாள். உண்மையான துரைசாணியைத் தூரத்தில் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளும் மனிதர்கள், இந்தத் துரைசாணியின் நெற்றியைச் சொறிந்துகொண்டே அரைமணி நேரம் பேசுவார்கள்.

தோட்டத்து மாடுகள் மேய்ச்சலைக் கண்டவை அல்ல. தேயிலைக்குள் மாடு இறங்கினால் தோட்டத்தில் தண்டம் போட்டுவிடுவார்கள், அதனால் எங்கள் மாடுகள் லயத்துக்குப் பின்னாலிருந்த 'மாட்டுப்பட்டி'யிலேயே, பலகைத் தளத்தின்மேல் நின்றபடியே காலம் கழிக்கும். புல்லும் தண்ணீரும் அவற்றைத் தேடிப் போகவேண்டும். அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை முடித்து வரும்போது ஆளுக்கொரு புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வருவார்கள். விடியப்போகும் நேரத்தில் கறந்த பாலை நானும் அக்காவும் ரோட்டு வளைவுவரை தூக்கிப் போய்ப் பால்காரரின் கேனில் ஊற்றிவிட்டு வருவோம். மலைச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும். அக்கா கலஹாவுக்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பதென்றால் அது தொரசாணியின் பாலில்தான். எங்கள் லயத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மேலே படிக்கப் போன முதல் பெண்பிள்ளை அவள். வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாக அவள் பஸ்ஸுக்கு இறங்கும்போது அம்மா வாசலில் நின்று பார்ப்பாள், பிறகு பட்டிக்குப் போய் மாட்டுக்கு ஒரு பிடி புண்ணாக்கு கூடுதலாக வைப்பாள்.

மாட்டுக்கு நோய் வருத்தம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த பதில் மிகச் சிறியது. கலஹாவில் அரசாங்க மாட்டு டாக்டர் இருந்தார், பார்ப்பதற்குக் காசு வாங்கமாட்டார். பேராதனையில் மாடுகளுக்கென்றே ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே கொண்டுபோனால் எல்லாம் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொல்லுவோம். ஆனால் பட்டிக்குள்ளேயே பிறந்து, குளம்பு செருப்பு மாதிரி வளர்ந்து நீண்டுபோன மாட்டை மலையிலிருந்து இறக்கிப் பேராதனைவரை யார் நடத்திப் போவது? டாக்டரை மேலே கொண்டுவருவதென்றாலும் வாகனம் நாங்கள்தான் பிடிக்கவேண்டும். வைத்தியம் இலவசம்தான், மலைதான் இலவசமில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கும்: முதலில் இஞ்சியும் மிளகும், பிறகு சாமிக்கு நேர்ந்து ஒரு மஞ்சள் துணி, பிறகு ஒருநாள் பார்ப்போம், இன்னொரு நாள் பார்ப்போம் என்ற யோசனை, கடைசியில் ஹமீது நானாவின் லொறி.

ஹமீது நானா கலஹா பசாருக்குப் பின்னால் குடியிருந்த, இறைச்சிக்கு மாடு வாங்கும் வியாபாரி, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்போம். எந்தத் தோட்டத்தில் எந்த மாடு படுத்துவிட்டது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். டாக்டர் வர வழியில்லாத ரோட்டில் அவருடைய பழைய நீல லொறி மட்டும் தவறாமல் ஏறி வரும். மாடுகளை அவர் மாடு என்று சொல்லமாட்டார், வியாபாரிகளின் வழக்கப்படி 'உருப்படி' என்பார். உயரமான ஆள், வெற்றிலைச் சிவப்பில் எப்போதும் சிரித்த வாய், பிள்ளைகளுக்குச் சட்டைப்பையிலிருந்து இனிப்பு எடுத்துத் தருவார். அப்படியிருந்தும் அவருடைய லொறிச் சத்தம் கேட்டால் எந்த வீட்டிலோ ஒரு பெண் அழப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

தொரசாணி எங்கள் பட்டியில் முதல் கன்று போட்டது ஒரு சனிக்கிழமை காலையில். நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள பெட்டைக் கன்று. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கன்று போட்ட மாட்டின் முதல் பாலைச் 'சீம்பால்' என்போம், மஞ்சளாகத் தேன் மாதிரி இறங்கும், சீனியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தால் கட்டியாகிவிடும். லயத்தில் யார் வீட்டில் கன்று போட்டாலும் சீம்பாலை எல்லா வீட்டுக்கும் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். விற்கக்கூடாது, ஒரு வீட்டையும் விடக்கூடாது. முன்பு எங்களிடம் இருந்த நாட்டுமாட்டில் பக்கத்து வீடுகளுக்கே போதாது. ஒருமுறை கிடைக்காமல் போன வீட்டார் மாதக்கணக்கில் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அந்த வருத்தம் அவளுக்கு உள்ளேயே இருந்தது. இந்த முறை மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் கொடுத்துவிடுவது என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். தொரசாணியும் குறை வைக்கவில்லை. வாளி நிறைந்து நுரை வழிந்தது. அக்கா தூக்குச்சட்டியோடு முன்னால் போக, நான் அளந்து ஊற்றும் சிரட்டையோடு பின்னால் போக, வாசலுக்கு வாசல் கொடுத்துக்கொண்டே போனோம். கீழ் லயத்தின் கடைசி வீடுகளுக்குப் போதாமல் போனது, சாயந்தரம் அம்மா மறுபடியும் உட்கார்ந்து மடியில் ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் கறந்து அவர்களுக்கும் கொடுத்தனுப்பினாள். அன்றைக்கு எங்கள் மலை முழுக்க ஏலக்காய் மணத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொரசாணிக்கு நன்றி சொல்லி ஆள் வந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொரசாணியால் எழும்ப முடியவில்லை.

அப்பா வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கழுத்தை ஒரு பக்கமாக மடித்துத் தன் விலாவிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, எதையும் பார்க்காத கண்களோடு கிடந்தது. நான் வழக்கம்போலக் கழுத்துக்கு அடியில் கையை வைத்தேன், சூடு இல்லை. காதைப் பிடித்தேன், அது பைப்பு மாதிரிக் குளிர்ந்திருந்தது. "அம்மா, தொரசாணி காது ஜில்லுன்னு இருக்கு" என்று நான் சொன்னதும் அம்மா தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். மழையிலும் பனியிலும் மலைக்குப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி அது, வீட்டுக்கு ஆளுக்கொன்றுதான் இருக்கும். செய்தி பரவ, ஒவ்வொருவராகக் கம்பளியோடு வந்து போர்த்திவிட்டுப் போக, கொஞ்ச நேரத்தில் பட்டிக்குள் மாடு இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குன்றுதான் தெரிந்தது.

அப்பா குறுக்கு வழியில் கலஹாவுக்கு இறங்கி ஓடினார். டாக்டர் வீட்டில்தான் இருந்தாராம். புதிதாக வந்தவர், ஒரு பெண், சிங்களவர். வருகிறேன் என்றாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய அரசாங்கக் கந்தோர் வாகனத்துக்கு டிரைவர் கிடையாது, ஏதாவது வாகனம் கொண்டுவந்தால் அந்த நிமிஷமே ஏறிவிடுவதாகச் சொன்னாராம். பசாரில் வேன்காரர்களைக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை, ஏற்ற ரோடு, கல் ரோடு என்று ஒவ்வொன்றுக்கும் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்களாம். அப்பா திரும்பி ஏறி வந்து இதையெல்லாம் சொல்லி முடித்ததும், பெரியவர்கள் வாசலில் நின்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.  வேனைப் பிடித்து டாக்டரைக் கொண்டுவந்து, அதற்குப் பிறகும் மாடு செத்துப்போனால் மாடும் போய், கடனும் வந்து சேரும். சாகாமல் இருக்கும்போதே விற்றால் கொஞ்சமாவது கையில் மிஞ்சும். யாரும் கெட்டவர்களில்லை, எல்லோரும் எங்கள் நன்மைக்குத்தான் அப்படிப் பேசினார்கள்.

அக்கா உள்ளே இருந்து வெளியே வந்தாள். "வேன புடிங்கப்பா. நா பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிறேன், கடன அடைச்சிறலாம்" என்றாள். அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ உள்ள போ" என்றாள். அந்த மூன்று சொல்லில்தான், மாடு செத்தால் என்னென்ன சாகும் என்பது எனக்கு விளங்கியது.

அதற்குள் வளைவில் நீல லொறியின் சத்தம் கேட்டது.

பால்காரர் பசாரில் சொல்லியிருக்கிறார். ஹமீது நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டிக்குள் குனிந்து, கம்பளிகளை ஒதுக்கி, கண்ணைப் பார்த்து, வாயைப் பார்த்து வெளியே வந்தார். ஒரு விலை சொன்னார். அந்த விலையைக் கேட்டு அப்பா தரையைப் பார்த்தார். "பகலாகினா இந்த வெலையும் சொல்ல ஏலாது தங்கச்சி. உருப்படி உசிரோட இருக்கக்குள்ளதான் எண்ட கணக்கு. மவுத்தாகினா எனக்கு ஹராம், ஒங்களுக்கு நட்டம்" என்று அம்மாவிடம்தான் சொன்னார், எங்கள் வீட்டில் முடிவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. செத்த மாட்டை அவர் தொடமாட்டார், அதனால் அவருக்கும் அவசரம்தான்.

அம்மா கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லொறியைப் பார்த்தாள். "நானா, ஏத்துறதுக்குன்னுதானே லொறி கொண்டாந்தீங்க. மொதல்ல டாக்டர ஏத்திட்டு வாங்க" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. நானா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு என்ன என்றார்.

"டாக்டர் வந்து பாத்துட்டு, பொழைக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நீங்க சொன்ன வெலைக்கே புடிச்சிட்டுப் போங்க, நா வாய் தொறக்கமாட்டேன்."

"பொழச்சா?"

"பொழச்சா ஒங்களுக்குப் புண்ணியம்."

"புண்ணியத்த ஊத்தி லொறி ஓடாது தங்கச்சி."

"ஓடும் நானா. கலஹாவுக்கு எறக்கந்தானே."

காளியம்மா அத்தைதான் முதலில் சிரித்தாள், பிறகு அப்பா, பிறகு வாசலில் நின்ற எல்லோரும். அழுகிற வீட்டில் எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்குத் தெரியாது.  நானா லொறியில் ஏறி, அப்பாவை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். திரும்பி வரும் ஏற்றத்துக்கு யார் எண்ணெய் ஊற்றுவது என்று மட்டும் ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை.

டாக்டர் நோனா மாட்டு லொறியின் முன் சீட்டில், மடியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி என்று அர்த்தம், எங்களுக்கும் அதுதான் மரியாதைச் சொல். காற்சட்டையும் நீண்ட பூட்ஸும் போட்ட பெண்ணை அவ்வளவு பக்கத்தில் நாங்கள் பார்த்ததில்லை. பட்டிக்குள் வந்து, மாடு எங்கே என்று கேட்டார். கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கைகளில் கொடுத்துக்கொண்டே போனார், எடுக்க எடுக்க வந்துகொண்டேயிருந்தது, கடைசிக் கம்பளியை எடுக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. காதைத் தொட்டார், மடிந்த கழுத்தை நிமிர்த்தினார், விட்டதும் அது மறுபடியும் மடிந்தது. எப்போது கன்று போட்டது, எவ்வளவு கறந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்க, நானா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அம்மா, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்: மேல் லயம், கீழ் லயம் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம், சாயந்தரமும் கறந்து கொடுத்தோம், ஒரு வீட்டையும் விடவில்லை.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். ஒரு பெரிய போத்தலையும் குழாயையும் எடுத்து, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, போத்தலை உயரத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.  அங்கே நின்றவர்களில் உயரமான ஆள் ஹமீது நானாதான். மாட்டை ஏற்றிப் போக வந்த மனிதர், அதை அவரிடமிருந்து பறிக்கப்போகிற போத்தலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே, கொஞ்சம் இறக்கு, கொஞ்சம் உயர்த்து என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து மெதுவாகத்தான் போகவேண்டுமாம், வேகமாகப் போனால் நெஞ்சு நின்றுவிடுமாம். நானாவுக்குக் கை வலித்தது. கையை மாற்றினார், விடவில்லை. வெற்றிலையைத் துப்பவும் அவருக்கு வழியில்லை.

போத்தல் இறங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் அங்கே நின்றவர்களுக்கு விஷயத்தைச் சொன்னார், நானா வாயில் வெற்றிலையோடு தமிழில் சொன்னார். நாட்டுமாடு வேறு, இது வேறு. இப்படிப் பால் பெருகும் மாட்டுக்குக் கன்று போட்டதும் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் மடியைக் காயக் கறந்தால் சத்து இல்லாமல் கைகால் விழுந்துவிடும். முதல் சில நாளைக்குக் கன்றுக்கு வேண்டியதை விட்டு, மடியின் பாரம் குறையக் கொஞ்சம் எடுத்தால் போதும்.

பட்டி வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருடைய வாயிலும் முதல்நாள் ஏலக்காய் மணம் இருந்திருக்கவேண்டும். "அப்ப நம்ம எல்லாருஞ் சேந்துதான் தொரசாணிய தின்னுப்புட்டோம்" என்றாள் காளியம்மா அத்தை. பிறகு டாக்டருக்கு முன்னால் வந்து, கைகட்டிக்கொண்டு, "நா ரெண்டு தரம் வாங்கித் தின்னேன் நோனா" என்றாள். நானா அதையும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. லயத்தில் யாரும் குறை சொல்லக்கூடாது என்று செய்த காரியம் மாட்டையே சாய்த்துவிட்டதே என்று அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "குடுக்கிறது நல்லம் அம்மா. நாலு நாள் பொறுத்து குடுங்க" என்றார்.

முதலில் தொரசாணியின் தோல் சிலிர்த்தது, ஈ உட்கார்ந்தால் சிலிர்ப்பது மாதிரி, உடம்பு முழுக்க. பிறகு ஒரு பெரிய ஏப்பம். பிறகு சாணம் போட்டது, அதைப் பார்த்து டாக்டர் நல்லது நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். நான் காதைத் தொட்டேன், சூடு திரும்பிக்கொண்டிருந்தது. மடிந்த கழுத்து தானாகவே நிமிர்ந்து, கன்று நின்ற பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. முன்னங்காலை ஊன்றியது, வழுக்கியது, மறுபடியும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆடியபடியே எழுந்து நின்றது.

 ஹமீது நானா, வெறும் போத்தலை இன்னும் தலைக்கு மேலேயே பிடித்தபடி, "எழும்பிட்டாங்க" என்றார்.

அவருடைய வாயிலிருந்து ஒரு மாட்டுக்கு அப்படி ஒரு மரியாதை வந்ததைக் கேட்டதும் சிரிப்பில் பட்டியே அதிர்ந்தது. அவருக்கும் வெட்கமாகிவிட்டது. கையை உதறிக்கொண்டே வெளியே போய், வெற்றிலையைத் துப்பிவிட்டு, தேத்தண்ணி இல்லையா இந்த வீட்டில் என்று சத்தம் போட்டார். தேத்தண்ணி குடித்த பிறகு டாக்டரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். லயத்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எண்ணெய்க்குக் கொடுத்தார்கள், அது அந்த ஏற்றத்துக்குப் போதாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு, யாரும் கூட்டம் போட்டுப் பேசாமலே ஒரு ஏற்பாடு உண்டானது. நானா எங்கள் பக்கம் கன்று வாங்க வரும் நாளில் டாக்டர் நோனாவை முன் சீட்டில் ஏற்றி வருவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பெரட்டுக்கள'த்தில் லொறி வந்து நிற்கும், டாக்டர் லயம் லயமாகப் போய்ப் பார்ப்பார், நீண்டுபோன குளம்புகளை வெட்டிவிடுவார், சினை பார்ப்பார், ஊசி போடுவார். நானா லொறி நிழலில் உட்கார்ந்து, "எண்ட யாவாரத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டன். இந்த மலையில இப்ப ஒரு மாடாவது படுக்கிறதில்ல" என்று எல்லோரிடமும் புலம்புவார். புலம்பினாரே தவிர, டாக்டர் மாற்றலாகிப் போகும்வரை முன் சீட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அக்காவின் படிப்பும் நிற்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்று புல்லறுக்கப் போனேன், ஒரு வீட்டில் புல்லுக்கு ஒருவர் வேண்டும் அல்லவா. எனக்குப் பட்டிதான் பிடித்திருந்தது.

தொரசாணியின் அடுத்த கன்றுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். கன்று போட்ட அன்றைக்கு ஒரு வீட்டிலிருந்தும் சட்டி வரவில்லை. பிள்ளைகள் பட்டிப்பக்கம் போனால் தாய்மார் இழுத்துப்போய் விட்டார்கள். அம்மா கன்றுக்கு விட்டு, மடியின் பாரம் குறையக் கொஞ்சம் எடுத்து, காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தினாள். டாக்டர் சொன்ன நாள் வந்ததும் கறந்தாள். பால் வெள்ளையாகிவிட்டிருந்தது. அது சீம்பால் இல்லை, சாதாரணப் பால், அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்திலிருந்து கீழ் லயம்வரை போனாள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். சீனி போட்டார்கள், ஏலக்காய் தட்டிப் போட்டார்கள், ஆவியில் வைத்தார்கள். அது எப்படிக் கட்டியாகும்? சூடான பாலாகவே கிடந்தது, கோப்பையில் ஊற்றிக் குடித்தார்கள். சாயந்தரம் காளியம்மா அத்தை வந்து, "ரொம்ப நல்லாக் கட்டியிருந்துச்சு அண்ணி" என்றாள். "கட்டாம? தொரசாணி பாலுல்ல" என்றாள் அம்மா.

அந்தக் காலம்தான் நல்லது என்று நான் எழுத வரவில்லை. டாக்டருக்கு வழியில்லாமல் செத்த மாடுகளையும், அவற்றோடு நின்றுபோன பிள்ளைகளின் படிப்பையும் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் ரோட்டில் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அரசாங்க டாக்டர் இப்போதும் ஒரு பெரிய பிரதேசத்துக்கு ஒருவர்தான், அவர் வரமுடியாவிட்டால் காசுக்கு வருகிற டாக்டர் மோட்டார் சைக்கிளில் வருவார். அந்தக் காசை நினைத்து இன்றைக்கும் ஆட்கள் யோசிக்கிறார்கள். அந்த யோசனை நேரத்தில்தான் இன்றைக்கும் மாடு சாகிறது. நீல லொறி இல்லை, ஹமீது நானா மவுத்தாகி வெகு காலமாகிறது. அம்மாவும் காளியம்மா அத்தையும் இல்லை. அக்கா ஆசிரியையாக இருந்து ஓய்வு வாங்கிக் கண்டியில் இருக்கிறாள். பட்டிகள் பெரும்பாலும் பிரிக்கப்பட்டு விறகாகிவிட்டன, அந்த இடங்களில் மரக்கறிப் பாத்தி போட்டிருக்கிறார்கள், அல்லது முச்சக்கர வண்டி நிற்கிறது.

நான் மட்டும் ஒரு மாடு வைத்திருக்கிறேன். அண்மையில் அது கன்று போட்டது. கன்று போடுமுன்பே டாக்டருக்குப் போன் பண்ணி, அவர் சொன்ன சுண்ணாம்புச் சத்து மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டேன், மாடு படுக்கவில்லை. நாலு நாள் பொறுத்து, கை பழக்கத்தில், பாலை எடுத்துக்கொண்டு வாசல்களுக்குப் போனேன். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, ஆட்கள் கொழும்பில். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகள், பேராதனையில் ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளை, கதவைத் திறந்து கிளாஸை வாங்கிக்கொண்டு, "எவ்வளவுங்க மாமா?" என்று கேட்டது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டது.  கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கிளாஸ் என் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, வெறுங்கிளாஸாகத் திருப்பாமல், உள்ளே பாதிக்குச் சீனி போட்டு வைத்திருந்தது.